சாவியைத் திருப்பும் முன்னால் அஞ்சு நிமிஷம்

மதுரையில் புது கார் எடுக்கிறவர்கள் ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்குப் போவது அபூர்வம். பாண்டி கோயிலுக்கோ, தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கோ, அவரவர் தெருமுனைப் பிள்ளையாருக்கோதான் வண்டி முதலில் போகும். மாலை, சந்தனம், குங்குமம். நாலு டயருக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் ஒரு பொட்டு. கற்பூரத் தட்டோடு பூசாரி வண்டியைச் சுற்றி வருவார். வண்டியை நகர்த்தும் முன்னால், “பிள்ளைகளெல்லாம் தள்ளி நில்லுங்க” என்று யாராவது ஒரு பெரியவர் குரல் கொடுப்பார்.

யோசித்துப் பார்த்தால், அந்த வண்டியை அத்தனை கவனமாகப் பார்த்த நாள் அதுவாகத்தான் இருக்கும். நாலு டயரையும் குனிந்து பார்த்தாயிற்று. பானெட்டைத் திறந்து பார்த்தாயிற்று. ஒரு முழுச் சுற்று சுற்றியாயிற்று. பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்களா என்றும் பார்த்தாயிற்று. மறுநாளிலிருந்து? ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் போன், கதவைத் திறந்து உட்கார்ந்ததும் ரிவர்ஸ் கியர். அடுத்து பானெட் திறப்பது சர்வீஸுக்கு விடும்போது. டயரைக் குனிந்து பார்ப்பது ஆயுத பூஜைக்கு.

நடுவில் இருக்கிற நாட்களில்தான் நாம் குடும்பத்தோடு ரோட்டில் போகிறோம்.

ஆணி பொறுக்கிய ஊர்

வண்டி கிளம்பும் முன் செய்கிற வேலைக்கு மதுரையில் ஒரு பழைய பெருமை உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். பஸ்களைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் ஒன்று சொல்வார்கள்: “பஸ் போறதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கலாம்.”

அந்த நேரம் தவறாமை சும்மா வந்ததில்லை. அப்போது ரோடெல்லாம் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். லாடத்து ஆணிகள் கழன்று விழுந்து கிடக்கும். பஸ் டயரில் ஏறினால் பஞ்சர். பஞ்சரானால் நேரம் போச்சு. அதனால் காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. பஞ்சர் ஆனபிறகு வேகமாக ஓட்டி நேரத்தைப் பிடிக்க நினைக்காமல், பஞ்சரே ஆகாதபடி பார்த்துக்கொள்ள நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது கரி வாயுவில் பஸ் ஓடியது. அதற்கான சாதனத்தை டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது. இன்றைக்கு எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களுக்குக் ‘கரி பஸ்’ ஞாபகம் இருக்கும். பின்னால் இருக்கும் உலையில் கரியைப் போட்டுப் பற்ற வைக்க வேண்டும். ஒருவர் நின்று விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். வாயு உண்டாகி வரும்வரை பஸ் நகராது. அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்று யார் நினைத்தாலும் முடியாது, வண்டியே விடாது.

இன்றைய கார் அப்படி இல்லை. பட்டனை அமுக்கினால் ஒரு நொடியில் ஸ்டார்ட் ஆகிறது. தூக்கக் கலக்கத்தில் அமுக்கினாலும் ஆகிறது. கோபத்தில் அமுக்கினாலும் ஆகிறது. ஒரு டயரில் காற்று இல்லாவிட்டாலும் ஆகிறது. அன்றைக்கு வண்டி கட்டாயப்படுத்தி நிறுத்தி வைத்த அந்தச் சில நிமிஷத்தை, இன்றைக்கு ஓட்டுகிறவர்தான் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சுற்று

காரை நோக்கி நடக்கும்போதே கண்ணை அதன் அடியில் விடலாம். தரையில் ஈரம் தெரிகிறதா? ஏ.சி. போட்ட வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் சொட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கறுப்பாகப் பிசுபிசுத்தால் என்ஜின் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட். இரண்டுமே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய சமாசாரம்.

அடியில் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. வெயில் தாங்காமல் தெரு நாய் கார் நிழலில்தான் படுத்திருக்கும். மழைக் காலத்தில் பூனைக்குட்டி கதகதப்புக்காக என்ஜின் பக்கம் ஏறிவிடும். பானெட்டில் ரெண்டு தட்டு தட்டினால் ஓடிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பின் பக்கம். டிக்கிக்குப் பின்னால் குனிந்து கோலம் போடுகிற பெண்ணும், உட்கார்ந்து விளையாடுகிற இரண்டு வயதுக் குழந்தையும் ஓட்டுகிறவரின் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியமாட்டார்கள். ரிவர்ஸ் கேமரா இருக்கிற வண்டியிலும் அதில் புழுதி படிந்திருந்தால் பாதிதான் தெரியும். நடந்து போய்ப் பார்த்த கண்ணுக்கு ஈடு கிடையாது.

அடுத்தது டயர். காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவரின் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். நாலு பேரும் சாமானும் ஏறினால் எவ்வளவு என்று தனியாகவும் போட்டிருப்பார்கள். இந்த அளவு டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியது. திருமங்கலத்திலிருந்து சித்திரை வெயிலில் ஓட்டி வந்துவிட்டு பங்க்கில் நிறுத்திப் பார்த்தால், சூட்டில் காற்று விரிந்து அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயரில் காற்று குறைவாக இருக்கும். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு வளைந்து வளைந்து சூடாகும். கொதிக்கிற ரோட்டில், முழுப் பாரத்தோடு, நல்ல வேகத்தில் போகும்போது டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாரம் ஒருமுறை காலையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே காற்று பார்த்துவிடுவது நல்லது. ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். பஞ்சரான அன்றைக்கு ஸ்டெப்னியை இறக்கி, அதிலும் காற்றில்லாமல் கொட்டாம்பட்டி பக்கம் நடுரோட்டில் நிற்பதைவிட எரிச்சலான விஷயம் வேறில்லை.

டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். டயரின் மேல் பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால், 2021-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்த டயர். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கிற காரில் டயர் தேயாது. ஆனால் வெயிலில் நின்றே ரப்பர் வெடிப்பு விடும்.

விளக்குக்கு ஆள் தேவையில்லை. சாயங்காலம் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஹெட்லைட், இண்டிகேட்டர் போட்டால் சுவரிலேயே தெரிந்துவிடும். பின்பக்கச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தால் பிரேக் லைட்டும் தெரிந்துவிடும்.

வைப்பரை நாம் நினைப்பது மழை பெய்யும்போதுதான். மதுரை வெயிலில் ஒன்பது மாதம் காய்ந்த வைப்பர் ரப்பர், ஐப்பசியில் முதல் மழை பெய்யும்போது கண்ணாடியைத் துடைக்காது, சேற்றைப் பூசிவிடும். அந்த முதல் மழையில்தான் ரோட்டில் படிந்த ஆயிலும் புழுதியும் சேர்ந்து வழுக்கவும் செய்யும். பார்வையும் போய், பிடிமானமும் போவது ஒரே நேரத்தில் நடக்கும்.

மாதத்தில் இரண்டு தடவையாவது பானெட்டைத் திறக்கலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் வைத்து ஆயில் குச்சியைப் பார்க்கலாம். கூலன்ட் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவில் அளவு இருக்கிறதா என்று பார்க்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கவே கூடாது. மேலூர், வாடிப்பட்டி பக்கம் அறுவடை நேரத்தில் கதிரையும் வைக்கோலையும் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டி வந்திருந்தால், நிறுத்தியதும் அடியில் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சூடான சைலன்சரில் அது பற்றிக்கொள்ளும்.

சீட் எல்லோருக்கும் ஒன்றல்ல

கணவர், மனைவி, காலேஜ் போகும் மகன் என்று ஒரே காரை மூன்று பேர் ஓட்டும் வீடுகள் இப்போது நிறைய. ஆறடி மகன் ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியில் அம்மா ஏறினால் கிளட்ச் எட்டாது. “கோரிப்பாளையம் வரைக்கும்தானே” என்று சீட் நுனியில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். அவசரமாக பிரேக் அடிக்க வேண்டி வந்தால் காலில் பலம் இருக்காது.

முதுகு சீட்டில் நன்றாகப் படிய உட்கார்ந்து, கிளட்சை முழுக்க அமுக்கினாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழும்பாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். தலைக்குப் பின்னால் இருக்கும் மெத்தை அழகுக்கு இல்லை. பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான். அதன் மேல் விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாக இருக்கட்டும். சீட்டைச் சரிசெய்த பிறகுதான் கண்ணாடிகள். முதலில் கண்ணாடியைத் திருப்பிவிட்டு அப்புறம் சீட்டை நகர்த்தினால் இரண்டாவது தடவையும் திருப்ப வேண்டியிருக்கும்.

பிறகு காலடி. குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் போதும், பெடல் இறங்காது. தளர்ந்த மேட்டும் அப்படித்தான். குதிகால் கழன்று ஆடும் ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக, காலில் இடறாத இடத்தில் வைத்துவிடலாம். சேலை கட்டி ஓட்டுகிறவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முந்தானை கதவுக்கு வெளியே தொங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மதுரைக் காரில் மல்லிகைப் பூ இல்லாமலா? நடுக் கண்ணாடியில் ரெண்டு முழம் மல்லியைத் தொங்கவிட்டால் மணக்கத்தான் செய்யும். ஆனால், அது ஆடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பைக்கே மறைந்துவிடும். டேஷ்போர்டு சாமி படத்துக்குச் சாத்திவிடலாம். கனமான சாமி சிலைகளை மட்டும் ஏர்பேக் இருக்கும் இடத்தில் ஒட்டாமல் இருப்பது நல்லது. ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மேலே இருக்கிற பொருள் கல் மாதிரி உள்ளே இருப்பவர்கள் மேல்தான் பாயும்.

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். ஸ்டார்ட் ஆனதும் அணையும். அணையாமல் நிற்கிற விளக்கு ஏதோ சொல்கிறது. அதற்குப் பழகிப்போய், “அது எப்பவும் எரியும்” என்று சொல்வதுதான் ஆபத்து. போனில் மேப் போடுவது, பாட்டுப் போடுவது, பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் வண்டி நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். நகர ஆரம்பித்த முதல் பத்து அடிக்குள் ஒருமுறை பிரேக்கை லேசாக மிதித்துப் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி.

பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

முன் சீட்டில் பெல்ட் போடுவது ஓரளவு பழகிவிட்டது. போலீஸ்காரர் பார்ப்பார், 1,000 ரூபாய் அபராதம் என்பதுதான் பாதிப் பேருக்குக் காரணம். பின் சீட்டு பெல்ட்டோ பல வண்டிகளில் மெத்தைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது பல வருஷமாகவே விதி. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போவதற்கும் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதே அபராதம்தான்.

2022 செப்டம்பர் 4-ம் தேதி மும்பைக்கு அருகே பால்கரில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். உயர்ரகக் கார். முன்னால் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். வண்டியின் விலை எவ்வளவு என்பது பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றாது. வண்டி நின்றாலும் பெல்ட் போடாத உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது அந்த உடம்புக்கும் 80 கிலோமீட்டர்தான். அது முன் சீட்டில் இருப்பவரையும் சேர்த்து நசுக்கும்.

முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை. இதை ரிங் ரோட்டில் தினமும் பார்க்கலாம். இடி வாங்கும் அந்த நொடியில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல, விசை அவ்வளவு. எதிரே ஏர்பேக் இருந்தால் இன்னும் மோசம். குழந்தையின் இடம் பின் சீட்டு. கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் தவறு. கீழ் பெல்ட் வயிற்றுக்கு மேலே போகாமல், வயிற்றுக்கு அடியில் இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். மேல் பெல்ட் மார்பின் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

“இருபது வருஷமா ஓட்டுறேன்”

இதையெல்லாம் சொன்னால் வீட்டில் ஒருவர் சிரிப்பார். “இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?”

1935 அக்டோபர் 30-ம் தேதி அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் புது விமானம் ஒன்றைச் சோதனைக்கு எடுத்தார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை. அனுபவம் மிகுந்த ராணுவ விமானி. விமானம் மேலே எழும்பியது, நிலைகுலைந்தது, விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டு ஒன்றை விடுவிக்க மறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகள் கிளம்பும் முன் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்க்கும் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. அதே ரக விமானங்கள் பின்னாளில் ஆயிரக்கணக்கில் பறந்தன.

நம் ரயில்களிலும் அப்படித்தான். வேலைக்கு வந்து கையெழுத்துப் போடும்போதே லோகோ பைலட் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊத வேண்டும். ஓடும்போது எதிரே வரும் சிக்னலை அவரும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷ சர்வீஸ் இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. அனுபவம் கூடக் கூட வேலை தானாக நடக்கும். தானாக நடக்கும்போதுதான் ஒன்று விட்டுப்போகும். அதனால்தான் தெரிந்தவர்களுக்கும் பட்டியல்.

ரயில் நடைமுறையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே என்ஜினை மட்டும் பரிசோதிப்பதில்லை. ஓட்டுகிறவரையும் பரிசோதிக்கிறார்கள்.

யாரும் பார்க்காத பாகம்

காரில் டயரை, ஆயிலை, பிரேக்கைப் பார்க்க ஆள் இருக்கிறது. ஓட்டப் போகிறவர் சரியாக இருக்கிறாரா என்று பார்க்க யாரும் இல்லை. அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில விஷயங்கள் எளிது. சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், வாங்கும்போதே கேட்டுவிடலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், பார்வை மங்கும், யோசனை குழம்பும். கைக்கு எட்டுகிற இடத்தில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் வர வரக் கூடுதலாகக் கூசினால், அது எதிரே வருகிறவனின் ஹை பீம் மட்டும் இல்லை. கண்புரையின் ஆரம்பமாகவும் இருக்கலாம். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர் இது. கண்ணைக் காட்டுவதற்கு மதுரைக்காரருக்குச் சாக்கு கிடையாது. ஆனால் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்க்கிற நாளில் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். அன்றைக்குத் திரும்பி வர ஆட்டோதான்.

கஷ்டமான விஷயம் தூக்கம்.

மாசி மகா சிவராத்திரி. மதுரை, உசிலம்பட்டி, தேனி, விருதுநகர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அன்றைக்குத்தான் குலதெய்வக் கோயிலுக்குப் போகின்றன. சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிற பிள்ளைகள் வந்துவிடுவார்கள். காலையில் எழுந்து, சாமானெல்லாம் ஏற்றி, கோயில் போய்ச் சேர்ந்து, பொங்கல் வைத்து, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, விடிந்ததும் கிளம்புவார்கள். “வெயில் ஏறுறதுக்குள்ள போயிரலாம்.” கார் நகர்ந்த கால் மணி நேரத்தில் பின் சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். விழித்திருப்பவர் ஒருவர்தான். அவரும் முந்தின நாள் காலையிலிருந்து தூங்காதவர்.

1997-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை நாலு மணிக்கு முகூர்த்தத்துக்கு எழுந்து, இரவு ஒன்பது மணிக்கு வரவேற்பை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிக்காதவராக இருக்கலாம். நெற்றியில் விபூதியோடு இருக்கலாம். ரோட்டில் அவருடைய நிலை, போலீஸ் பிடித்தால் 10,000 ரூபாய் அபராதமோ ஜெயிலோ கிடைக்கக்கூடிய நிலைதான். ஒரே வித்தியாசம், ஊதச் சொல்லி இதைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்துவிட்டு ஓட்டும் ஆளின் வண்டியில் பிள்ளைகளை ஏற்றாத வீடு, இந்த வண்டியில் சந்தோஷமாக ஏற்றுகிறது.

தூக்கம் சொல்லிக்கொண்டு வராது. கண் திறந்திருக்கும்போதே மூளை நாலு நொடி அணைந்து எரியும். நாலுவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நாலு நொடிக்கு வண்டி 111 மீட்டர் போய்விடும். நாலு ரயில் பெட்டி நீளத்துக்கும் மேல், யாரும் ஓட்டாத கார். ஏ.சி.யைக் கூட்டுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிஷம்தான் நிற்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான். ஒரு ஸ்ட்ராங் காபியோ டீயோ குடித்துவிட்டு, உடனே இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது ஓரளவு கைகொடுக்கும். எழும்போது காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். ஆனால் அதுவும் பக்கத்து ஊர்வரைக்கும்தான். ஒரு ராத்திரித் தூக்கத்தை அது ஈடு கட்டாது.

அவசரமும் ஒருவகைப் போதைதான். மதுரையிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாணம். 80-ல் போனால் 45 நிமிஷம். 100-ல் போனால் 36 நிமிஷம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிச்சம் பிடித்தது ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தை வீட்டிலேயே, முந்தின ராத்திரியே பையைக் கட்டி வைத்து எடுத்திருக்கலாம். கிளம்பும்போது யார் லேட் பண்ணினது என்ற சண்டையும் வந்திருக்காது. சண்டை போட்டுக்கொண்டு ஏறியவர் முதல் பத்து கிலோமீட்டருக்கு ரோட்டைப் பார்ப்பதில்லை. சொல்ல விட்டுப்போன பதிலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

“இன்னைக்கு நான் ஓட்டல”

“ஏங்க, கண்ணு சொருகுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ தூங்கு.”

ராத்திரி நேரத்தில் எத்தனை கார்களுக்குள் இந்தப் பேச்சு நடந்திருக்கும்! அவர் பொய் சொல்லவில்லை. தூக்கம் வந்த மூளைக்குத் தனக்குத் தூக்கம் வருவது சரியாகத் தெரியாது. அதோடு, ஓட்ட முடியவில்லை என்று சொல்வது நம் வீட்டு ஆண்களுக்கு ஏதோ தோல்வி மாதிரி. மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் இந்தக் கேள்வியை ஓடுகிற காருக்குள் கேட்டுப் பிரயோஜனமில்லை. சாவி கைக்கு வரும் முன்னாலேயே கேட்க வேண்டும். “தூக்கம் வருதா?” என்று கேட்காமல், “எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மானம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குக் கடிகாரம் பதில் சொல்லும்.

குலதெய்வக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ நாள் குறிக்கும்போதே, திரும்பும்போது யார் ஓட்டுவது என்றும் முடிவு செய்துவிடலாம். அந்த ஒருவர் மட்டும் ராத்திரி ஒரு மூலையில் ஜமுக்காளம் விரித்துத் தூங்கட்டும், குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. ஓட்டத் தெரிந்த மருமகள் இருந்தால் பாதி தூரம் அவர் ஓட்டட்டும். யாரும் இல்லையென்றால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடலாம். அவரிடமும் நேற்று ராத்திரி தூங்கினாரா என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். எதுவும் தோதுப்படவில்லையென்றால், சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை இருக்கவே இருக்கிறது. நாலு மணி நேரம் படுத்து எழுந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் வீடு வந்துவிடும்.

டயரில் காற்று இல்லையென்றால் வண்டியை எடுக்க மாட்டோம். அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை; பங்க் வரை போய்க் காற்று அடித்துக்கொண்டு வருவோம். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் இல்லையென்றாலும் அதே நியாயம்தான். “இன்னைக்கு என்னால முடியாது, நான் ஓட்டல” என்று ஒருவர் சொல்லும்போது, கூட இருக்கிறவர்கள் கிண்டல் பண்ணாமல் ஒரு பாயையும் தலையணையையும் எடுத்துப் போட்டால் போதும். அடுத்த தடவை அவரே தயங்காமல் சொல்வார். அதைப் பார்த்து வளர்கிற மகனும் சொல்வான்.